பாண்டியில் ஐந்து நாள்: வாய்க்காலுக்கு மேற்கேயும்

முதல் நாள், புதன் மாலை

சனிக்கிழமை மதியம் வந்து இறங்கி, ஞாயிறு சாயங்காலம் கிளம்புவதுதான் பாண்டிக்கு வருகிற பாதிப்பேரின் வழக்கம். ரூம் வாடகை வெள்ளி இரவே ஏறிவிடும், சனிக்கு இரண்டு மடங்கு கேட்பதும் உண்டு. அதே அறை செவ்வாய், புதன்களில் பேசிப் படிகிற விலைக்குக் கிடைக்கும். அதனால் இந்தப் பயணம் புதன் மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிகிற மாதிரி. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், சண்டே மார்க்கெட் ஞாயிறு மட்டும்தான் கூடும். இந்த இரண்டுக்கும் இதுதான் தோது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கி.மீ., மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. விழுப்புரத்திலிருந்து 40 கி.மீ. கடலூர்க்காரர்களுக்கு 22 கி.மீ.தான், பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இங்கே மீட்டர் ஓடாது. ஏறுவதற்கு முன்பே தொகையையும், "ஒரு ஆளுக்கா, வண்டிக்கா" என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். கைப்பையோடு தனியாக வந்தவர்களுக்குப் பங்கு ஆட்டோ மாதிரி ஓடுகிற டெம்போ இருக்கிறது. எங்கே போகும் என்று கேட்டு ஏறிக்கொள்ளலாம்.

ஊரின் அமைப்பு தெரிந்தால் வழி கேட்கிற வேலை பாதி குறையும். பழைய நகரம் முட்டை வடிவம். அதைச் சுற்றி நாலு சாலை: கிழக்கே கடற்கரைச் சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இவற்றுக்குப் பெயர் புல்வார். உள்ளே வீதிகள் எல்லாம் கட்டம் கட்டமாக நேர்கோட்டில் ஓடும். வேறு ஊரில் தெரு என்பது இங்கே வீதி. கடலுக்கு இணையாக நடுவில் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே அன்றைய வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தால் அரைமணி நேரம். உள்ளே சுற்ற வண்டியே தேவையில்லை, போதாக்குறைக்கு பாதி வீதிகள் ஒருவழிப் பாதை.

கடற்கரைச் சாலையை மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டு மூடுவார்கள், மறுநாள் காலை 7.30-க்குத்தான் திறப்பார்கள். காரில் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தச் சாலையிலேயே ஓட்டல் என்றால் 6 மணிக்குள் சேருங்கள், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீதியிலிருந்து நடக்க வேண்டும். நடப்பவர்களுக்கு அந்த நேரம்தான் சொர்க்கம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற 8 கருங்கல் தூண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. செல்ஃபிக்கு முதுகு சாய்க்கிறவர்கள் அந்தச் சிற்ப வேலையைக் கவனிப்பதே இல்லை. பக்கத்தில் 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம். எதிரில் முதல் உலகப் போரில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரத்தோடு இருக்கும். கொஞ்சம் தெற்கே, ஊரார் 'மேரி' என்று சொல்கிற நகர மண்டபம். பழைய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே தோற்றத்தில் திரும்பக் கட்டியது.

கடற்கரை என்று வந்தால் மணல் எங்கே, ஏன் இத்தனை பாறாங்கல் என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கரையில் அலை வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கென 1980-களின் கடைசியில் கல் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த மணலை மட்டும் கடல் தின்றுகொண்டே போனது. கரையைக் காக்கக் கொட்டியவைதான் இந்தக் கற்கள். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பு இறக்கி, கொஞ்சம் மணலைத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். அந்த மணலைப் பார்த்துவிட்டுக் குளிக்க இறங்காதீர்கள். கல்லுக்கும் அலைக்கும் நடுவே இழுப்பு பலமானது, நீச்சல் தெரிந்தவர்களையும் விடாது. பாசி பிடித்த கல்லில் ரப்பர் செருப்போடு ஏறுவதும் வேண்டாம்.

இரண்டாம் நாள், வியாழன்

இன்றைக்கு முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டிய நாள். இந்த ஊர் மதியம் தூங்கும். ஆசிரமம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறக்கும். கோயில்கள் நண்பகலோடு நடை சாத்தினால் மாலை 4 மணிதான். பல கடைகள் 1 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு 4 மணிக்கு மேல் ஏற்றும். தெரியாமல் 12.30-க்கு வெயிலில் கிளம்பியவர்கள் பூட்டின கதவுகளாகப் பார்த்துவிட்டு, "பாண்டியில ஒண்ணுமில்லப்பா" என்று ஊர் போய்ச் சொல்வார்கள்.

காலை 6.30-க்கு வெள்ளையர் நகரம். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி, சுஃப்ரேன் வீதி. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, பச்சை ஜன்னல், மேலே வழிகிற காகிதப்பூக் கொடி எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 9 மணிக்கு மேல் படம் எடுக்கிற கூட்டத்தில் சுவரே தெரியாது. வீட்டுக்காரர்கள் வெளியே வர முடியாமல் வாசலில் போஸ் கொடுக்கிற பழக்கம் வேண்டாம், அவை குடியிருக்கிற வீடுகள். இந்தப் பக்கத்தில் மிகப் பழைய கட்டடங்களைத் தேடினாலும் ஏமாற்றம்தான். 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையோடு சேர்த்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. இன்னொரு செய்தி, 'பிரெஞ்சு நேர்வீதி' என்று புகழ்கிற இந்தக் கட்டத் திட்டத்தைப் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது.

8 மணிக்கு அரவிந்தர் ஆசிரமம். செருப்பை வெளியே விட வேண்டும், போன் அணைத்திருக்க வேண்டும், பேச்சே கூடாது. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள், அதனால் ஒருவர் வெளியே இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள். உள்ளே சமாதி, அதைச் சுற்றிப் பூ அலங்காரம், ஒரு மரநிழல், அவ்வளவே. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-இல் இங்கே வந்தார், ஆசிரமம் 1926 நவம்பர் 24-இல் அமைந்தது. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை தரிசன நாட்கள். அன்று அறையும் கிடைக்காது, வரிசையும் நகராது. பக்கத்திலேயே மணக்குள விநாயகர் கோயில். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. இன்னும் யானையைக் காட்டுகிறேன் என்று குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

10 மணிக்கு அருங்காட்சியகம். ரோமரோடு வணிகம் நடந்த பழைய ஊரான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் இங்கேதான் இருக்கின்றன, சனிக்கிழமை அந்த இடத்துக்குப் போகுமுன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். கடுகளவிலிருந்து கோலிக்குண்டு வரை மணிகள், ரோம் நாட்டு மது ஜாடிகளின் உடைந்த கழுத்து, பிறகு சோழர் காலச் செப்புத் திருமேனிகள். மேல்மாடியில் பிரெஞ்சு நாற்காலி, பல்லக்கு. 12 மணிக்கு வெளியே வந்தால் சாப்பாடு, அறை, தூக்கம். ஊரோடு ஒத்து வாழ்.

மாலை 4 மணிக்கு வாய்க்காலைத் தாண்டுங்கள். பாண்டி என்கிற ஊர் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வைசியாள் வீதி, ஈசுவரன் கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி என்று வடக்குப் பக்கம் நடந்தால் தமிழ் வீட்டின் இலக்கணம் வரிசையாக நிற்கும். காலையில் வாய்க்காலுக்குக் கிழக்குப் பக்கம் நாம் பார்த்த வீடுகள் மதில் கட்டி, கேட் வைத்து, தோட்டத்தை உள்ளே ஒளித்துக்கொண்டவை. இங்கே வீடு வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முதலில் தாழ்வாரம், மரத் தூணில் நிற்கும் ஓட்டுச் சாய்ப்பு, வழிப்போக்கர்களுக்கானது. அதற்குப் பின்னால் இரண்டு படி ஏறினால் திண்ணை, வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர்களுக்கு. செதுக்கிய தேக்கு இரட்டைக் கதவு திறந்திருந்தால் நேர்கோட்டில் முற்றம் வரை பார்வை போகும். உள்ளே மழைத் தண்ணீர் விழுகிற சதுரம், நாலு பக்கமும் தூண். இப்போது கழுத்தை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். கீழே மரத் தூணும் ஓடும் என்றிருந்த வீடு, மாடியில் செங்கல் தூண், வளைவு ஜன்னல், காரைப் பூவேலை என்று பிரெஞ்சாக மாறியிருக்கும். பணம் வந்தபோது மாடி கட்டினார்கள், மாடியில் கவர்னர் வீட்டைப் பார்த்துக் கட்டினார்கள். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட முகப்புகளைச் சீர்செய்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டு கிடைத்தது. சுவரின் வழவழப்பு சுண்ணாம்புக் காரை. ஒரு வீட்டில் அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் மாட்டி, இரண்டு மழையில் பெயர்ந்து விழுவதை அதே வீதியில் பார்க்கலாம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பாரதி இந்த ஊரில்தான் இருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டுக்கும் நடை தூரம் பத்து நிமிடம்கூட இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. அவர் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை தமிழில் தினசரிக் குறிப்பு எழுதியவர். நாளொன்றுக்கு ஒரு பதிவு போடுகிற நமக்கெல்லாம் முப்பாட்டன். மாளிகை தனியார் வசம், முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்காமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்று தூண்களைப் பார்க்கலாம்.

அதற்கு அருகே பெரிய மார்க்கெட், பெயர்ப்பலகையில் குபேர் அங்காடி. மீனுக்கும் பூவுக்கும் காலையில் வர வேண்டும், மளிகைக்கு மாலையே போதும். இங்கிருந்து வாங்கிப் போகத் தகுந்த ஒன்று தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பிசைந்து, உருட்டி, வெயிலில் வைத்து, சாயங்காலம் உருண்டையைத் திரும்ப உடைத்துப் பிசைந்து, ஒரு இரவு மூடி வைத்து, மறுநாள் திரும்ப உருட்டி வைப்பார்கள். விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவது வண்டு வராமலிருக்க. நல்ல உருண்டை கருத்துக் காய்ந்து, விரலால் அழுத்தினால் ஓரத்தில் உதிரும். நடுவில் மெத்தென்று இருந்தால் வெயில் போதவில்லை, பையில் போட்ட மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். மீன் குழம்பிலும் கீரைக் கடைசலிலும் கடைசியாகத் தாளித்துக் கொட்டுவது இது. பாரிஸ் சமையல்காரர்கள் இதையே வடுவான் என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

மூன்றாம் நாள், வெள்ளி

பல நாட்டவர் சேர்ந்து வாழ்கிற ஆரோவில். ஊரிலிருந்து வடக்கே 10, 12 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திரும்பி வர ஆட்டோ கிடைக்காது என்பதால் போகும்போதே காத்திருக்கச் சொல்லிப் பேசுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதே பலருக்குச் சுலபம். ஆனால் வாடகை வண்டியின் நம்பர் பலகை கருப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி, போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்வது நீங்கள்தான். வண்டி எடுக்கும்போதே கீறல்களைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஆதாரைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஹெல்மெட் இரண்டும் கேளுங்கள். ஆரோவில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு.

வருகிறவர்களில் பாதிப்பேர் மாத்ரிமந்திர் என்கிற தியான மண்டபத்தின் தங்க உருண்டைக்குள் நேரே நுழைந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அன்றன்றைக்குக் கிடைப்பது பார்வையிடத்துக்கான இலவசச் சீட்டு. பார்வையாளர் மையத்தில் குறும்படம் பார்த்துவிட்டு, மரநிழல் பாதையில் ஒரு கி.மீ. போல நடந்தால், தூரத்திலிருந்து மாத்ரிமந்திரைப் பார்க்கலாம். திரும்ப வயதானவர்களுக்கு வண்டி விடுகிறார்கள். உள்ளே உட்கார வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், செவ்வாயன்று கிடையாது. உள்ளே வெள்ளைப் பளிங்கு மண்டபம், நடுவில் 70 செ.மீ. குறுக்களவுள்ள படிக உருண்டை. கூரையில் உள்ள கண்ணாடி சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒற்றைக் கதிரை அதன் மேல் இறக்கும். 1968 பிப்ரவரி 28 தொடக்க விழாவில் 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண் பக்கத்துத் தாழியில் இருக்கிறது. பார்வையிடத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் தாராளம். மையத்தில் உள்ள கடைகளில் விலை ஊரைவிட அதிகம்.

மதியத்துக்கு மேல் ஊருக்குள் கையால் காகிதம் செய்கிற ஆசிரமப் பட்டறை, சர்தார் பட்டேல் சாலையில். பனியன் கம்பெனி வெட்டுத் துணியைக் கூழாக அரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, கம்பளித் துண்டின் மேல் கவிழ்த்து, அழுத்தி, காயவைக்கிறார்கள். காகிதத்தில் பளிங்கு மாதிரி ஓடுகிற வண்ணம் தண்ணீர் மேல் மிதக்கவிட்ட சாயம். தாளை அதன் மேல் ஒரே தடவை படுக்கவைத்து எடுக்க வேண்டும், கை நடுங்கினால் அந்தத் தாள் கழிவு. ஞாயிறு விடுமுறை, அதனால் இன்றே பார்த்துவிடுவது நல்லது.

நான்காம் நாள், சனி

ஊரில் கூட்டம் ஏறுகிற நாள். கூட்டம் உள்ளே வரும்போது நாம் வெளியே போய்விடுவது உத்தமம். கடலூர் சாலையில் தெற்கே.

முதலில் அரிக்கமேடு. அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் பக்கம் பிரிந்து ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், ஊரிலிருந்து 4 கி.மீ. அளவு. போய்ப் பார்த்தால் மாந்தோப்பு, தென்னை, பாதிரியார்கள் கட்டிய வீட்டின் இடிந்த செங்கல் தூண்கள் இரண்டு. ரோமர் காலத்தது எதுவும் கண்ணில் படாது. தோண்டிய குழிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியச் சிவப்புப் பளபளப்புச் சட்டி ஓடுகள் கிடைத்தன. அந்த ஓட்டின் காலம் ரோமில் துல்லியமாகத் தெரியும், ஆகவே அதோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டு என்று தேதி போட முடிந்தது. தென்னாட்டுத் தொல்லியலில் அதுவரை தேதியில்லாமல் கிடந்த பானைக்கெல்லாம் ஒரு அளவுகோல் இங்கே கிடைத்தது. மழை பெய்தால் இன்னும் மணிகள் மேலே தெரியும். எடுத்துப் பையில் போடாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், உள்ளே கடையே கிடையாது. ஆடி மாதம் வருகிறவர்கள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தில் இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார்.

சுண்ணாம்பாறு படகுத்துறை அதே சாலையில்தான். சனி, ஞாயிறுகளில் படகுக்கு வரிசையில் நிற்கிற நேரம் படகில் போகிற நேரத்தைவிடக் கூடுதல். தாண்டிப் போய்விடலாம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டு இருப்பது திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்கு நடந்தே போகலாம். நண்பகலுக்குள் சேருங்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்' என்று பாடிக் கரையேறிய ஊர் இது. கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு இடமே பக்கத்தில் இருக்கிறது. பாண்டியில் துய்ப்ளேயைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்து தேவனாம்பட்டினம் போக வேண்டும். 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை அங்கேதான். பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எங்களுடையது என்று எல்லை வகுத்தார்கள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று பேர் வந்தது அதனால்தான். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுவாயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இடித்தார், மூன்று வருஷத்தில் ஆங்கிலேயர் அதே கணக்கைப் பாண்டியில் தீர்த்தார்கள். கெடிலம் கரையில் மிச்சம் சில சுவர்த் துண்டுகள்தான், முள்செடிக்கு நடுவே. பக்கத்தில் சில்வர் பீச். பாண்டியில் கிடைக்காத அகலமான மணல் இங்கே உண்டு, சூரியன் சாயும்வரை உட்காரலாம். இருட்டிய பிறகும் பாண்டிக்கு பஸ் உண்டு.

ஐந்தாம் நாள், ஞாயிறு

மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். கடை மூடியிருக்கிற வீதியில் நடைபாதையில் துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் கொட்டிக் கிடக்கும். காலை 9-லிருந்து 11-க்குள் போங்கள், மாலையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. சட்டையை விரித்து, அக்குள் தையலையும் பொத்தானையும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் ஏற்றுமதியில் கழித்தவை, கழித்ததற்கு ஒரு காரணம் எங்கேயாவது இருக்கும். மாற்றித் தரமாட்டார்கள். போன் சட்டைப் பையில் வேண்டாம்.

மது இங்கே விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லை தாண்டிக் கொண்டுபோனால் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் பாட்டிலும் போகும், வழக்கும் வரும், வண்டியையும் பிடித்து வைப்பார்கள். பெட்ரோல் விலையும் குறைவுதான், டேங்க் நிரப்பிக்கொண்டு போக யாரும் தடுக்கமாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் கிளம்பும்முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் சென்னை பஸ்ஸில் இடம் பிடிப்பது குஸ்தி. 2 மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழி போகிற பஸ்தானா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள், திண்டிவனம் வழி போவதும் அதே இடத்தில் நிற்கும். ஜன்னல் வேண்டுமென்றால் வலது பக்கம் உட்காருங்கள், மரக்காணம் தாண்டும்வரை உப்பளமும் கடலும் அந்தப் பக்கம்தான்.